இடம் மாற்றினால் தீருமா யானைச் சிக்கல்?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர் ஒன்றில் யானை தாக்கி ஒருவர் இறந்துபோனால் அடுத்து என்னென்ன நடக்கும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். உடலை வாங்க மறுத்து உறவினர்கள் மறியலில் உட்காருவார்கள். கோட்டாட்சியரும் வன அலுவலரும் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கும்: அந்த யானையைப் பிடித்துக் கொண்டுபோங்கள். சில நாளில் தெப்பக்காடு முகாமிலிருந்தோ கோழிகமுத்தி முகாமிலிருந்தோ பழக்கப்பட்ட கும்கி யானைகள் லாரியில் வந்து இறங்கும். மயக்க ஊசி, கயிறு, பொக்லைன், கழுத்தில் ரேடியோ காலர், வேறொரு மலையில் இறக்கிவிடுதல் என்று வேலை நடக்கும். அதோடு செய்தி முடிந்துவிடும். ஊரை அலைக்கழித்த ஒரு கெட்ட யானை இருந்தது, அதை அப்புறப்படுத்தியாயிற்று, இனிப் பயமில்லை என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். பாதிக்கப்பட்ட மக்கள், கட்சிகள், ஊடகங்கள், அதிகாரிகளில் பலர் என ஏறக்குறைய எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து இது.

இந்தக் கருத்து தவறானது. தவறானது மட்டுமில்லை, ஆளைக் கொல்லும் அளவுக்கு ஆபத்தானது என்பதே என் வாதம். சிக்கல் யானையின் உடம்புக்குள் இருக்கிறது, யானையை நகர்த்தினால் சிக்கலும் நகர்ந்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. உண்மையில் சிக்கல் இருப்பது அந்த இடத்தில் மனிதரும் யானையும் ஒருவரோடொருவர் கொண்டிருக்கும் பழக்கத்தில். எங்கே அரிசி மூட்டை அடுக்கப்படுகிறது, எந்த நேரத்தில் யார் எந்த வழியாக நடந்து போகிறார்கள், எந்த ஓடையோரம் எவருக்கு விற்கப்பட்டது, யானையை எப்படி விரட்டினார்கள் என்பவை எல்லாம் அந்தப் பழக்கத்தின் பகுதிகள். யானையை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் இவற்றில் பாதி பழைய இடத்திலேயே கிடக்கும். மீதிப் பாதியை யானை தன்னோடு புதிய இடத்துக்குக் கொண்டுபோகும். இரண்டு ஊருக்கும் நிம்மதி இருக்காது.

நம் கண்முன்னே நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் சுற்றிய சின்னத்தம்பி என்ற யானையை 2019 ஜனவரி கடைசியில் பிடித்து ஆனைமலையின் உட்காட்டில் விட்டார்கள். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் இறங்கி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நடந்து உடுமலை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. யானையையே பார்த்துப் பழகாத ஊர்கள் அவை. பிப்ரவரி நடுவில் மறுபடியும் பிடித்து வரகளியாற்றில் கூண்டில் அடைத்தார்கள். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடித்த, தந்தமில்லாத ஆணான மக்னா யானை அதே ஆனைமலையில் விடப்பட்டது; சில நாளில் பொள்ளாச்சியைக் கடந்து கோவை மாநகரின் தெருக்களுக்கே வந்துவிட்டது. அதை மறுபடி பிடித்தார்கள், மறுபடி விட்டார்கள், அது மறுபடி இறங்கியது, அதே ஆண்டு ஜூலை இறுதியில் மூன்றாம் முறையாக ஊசி போட்டார்கள். பந்தலூரில் 2022 டிசம்பரில் பிடித்து முதுமலையில் விட்ட இன்னொரு மக்னா, ஒரு மாதத்துக்குள் மாநில எல்லை தாண்டி வயநாட்டின் சுல்தான்பத்தேரி நகரத்துச் சாலையில் ஒருவரைத் தாக்கியது. கேரளத்துச் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையைப் பெரியாறு காட்டில் விட்டதன் விளைவு என்ன? ஒரு மாதம் கழித்து அது நுழைந்த கம்பம் நகரில் 144 தடை உத்தரவு. அங்கே அதனால் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். சின்னக்கானலின் பிரச்சினைக்குக் கம்பத்துக்காரர் ஒருவர் உயிர் கொடுத்தார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மசினகுடி பக்கம் வாழைத்தோட்டத்து ரிவால்டோவின் கதை இவற்றுக்கெல்லாம் நேர் எதிரானது. தும்பிக்கையில் காயம்பட்ட அந்த யானைக்கு ஊரார் பல வருடம் தீனி கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். 2021 மே மாதம் அதைக் கரால் எனப்படும் மரக்கூண்டில் அடைத்து, ஆகஸ்டில் தொலைவிலுள்ள காட்டில் விட்டார்கள். ஓரிரு நாளில் சுமார் நாற்பது கிலோமீட்டர் நடந்து நேராக வாழைத்தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அதற்குமேல் அதைத் தொந்தரவு செய்யாமல் கண்காணிப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியாகவே இருந்தது. வளர்ந்த ஆண் யானைக்குக் காடு என்பது எங்கே இறக்கிவிட்டாலும் ஒன்றுபோலிருக்கும் பச்சை நிறப் பரப்பு கிடையாது. எந்த மாதம் எங்கே தண்ணீர், எந்தச் சரிவில் மூங்கில், எந்த வேலியில் ஓட்டை, எந்த ஊரார் கல்லெறிவார்கள் என்று பல பத்தாண்டுகளில் சேர்த்த அறிவுதான் அதற்குக் காடு. அந்த அறிவைப் பிடுங்கிவிட்டு அறிமுகமில்லாத மலையில் நிறுத்தினால், பசியோடும் பதற்றத்தோடும் அது தேடுவது தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான். தெரிந்த ஒன்று பெரும்பாலும் வயலாகவோ வீடாகவோ இருக்கிறது.

நான்கைந்து யானைகளை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிட முடியுமா என்று கேட்பது நியாயம். இலங்கையில் இதை முறையாகவே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளை ஜி.பி.எஸ். காலர் கொண்டு பின்தொடர்ந்தது. அவற்றில் சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில எங்கும் தங்காமல் நெடுந்தூரம் அலைந்தன. சில விட்ட இடத்துக்கு அருகே புதிதாக ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டு யானைகள் விடப்பட்ட தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காக்களைவிட்டு வெளியேறின. இடமாற்றம் மோதலைக் குறைக்கவில்லை, அதைப் பரப்பியது, தீவிரமாக்கியது, யானைகளின் சாவையும் கூட்டியது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதற்குப் பிறகும் இடமாற்றத்தைத் தீர்வு என்று மக்களிடம் சொல்வது, கைவசம் இருக்கும் சான்றை மறைத்து ஆறுதல் சொல்வதாகும்.

ஒரு யானை ஏன் ஊரை நாடுகிறது என்பதற்கும் நம்மிடம் பழைய, உறுதியான பதில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் ஆராய்ந்த ராமன் சுகுமார், வயலுக்கு வருவதில் ஆண் யானைகளே மிகுதி என்பதையும், பயிரில் புரதமும் உப்புச்சத்தும் காட்டுப் புல்லைவிடக் கூடுதல் என்பதையும் காட்டினார். நன்கு தின்று உடல் பெருத்த ஆணுக்கே இணைசேரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வயலுக்கு வருவது ஆண் யானைக்கு ஆபத்தும் ஆதாயமும் தெரிந்த ஒரு கணக்கு. நிஷாந்த் சீனிவாசையாவும் மற்றவர்களும் 2019-இல் எழுதிய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: பொதுவாகத் தனித்துத் திரியும் இளம் ஆண்கள், விளைநிலங்கள் நிறைந்த தென்னிந்தியப் பகுதிகளில் நிலையான கூட்டங்களாகச் சேர்ந்து வாழத் தொடங்கியிருக்கின்றன. நம்மோடு வாழ்வதற்காக யானை தன் சமூக வாழ்க்கையையே மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பிடித்து அகற்றினால், அதே கணக்கைப் போடக்கூடிய இன்னொரு ஆண் அதே இடத்துக்கு வரும். ஊர்க்காரர்களுக்கே இது தெரியும். ஒரு யானை போனபின் சில மாதத்தில் புதிய பெயர் ஒன்று புழக்கத்துக்கு வந்துவிடும்.

தடாகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். 2021-இல் மூடப்படும்வரை அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் சூளைகள். செம்மண் எடுத்துத் தோண்டிய பள்ளங்கள் ஓடைகளையும் யானை நடந்த தடங்களையும் அறுத்துப் போட்டிருந்தன. சூளைக்கு எரிக்கப் பனைமரங்களை வெட்டிக் கொண்டுவந்து குவித்து வைத்திருந்தார்கள். பிளந்த பனையின் உள்ளே இருக்கும் சோறு யானைக்கு மிகவும் பிடித்தது. அடுக்கிய விறகு மனிதருக்கு எரிபொருள், யானைக்கு விருந்து. சின்னத்தம்பி அங்கே ஏன் வந்தது என்பதற்கு அதன் குணத்தை ஆராய வேண்டியதில்லை. சின்னக்கானலிலும் அப்படித்தான். யானைகள் வந்துபோகும் புல்வெளிக்கு நடுவே, இருபது வருடத்துக்கு முன் 301 குடும்பங்களுக்கு அரசே நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. நிலமில்லாத பழங்குடி மக்களுக்கு நிலம் தேவைதான். யானை நிற்கும் இடத்தைப் பார்த்துக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வியைத்தான் யாரும் மறியலில் கேட்பதில்லை. அரிக்கொம்பன் உடைத்த ரேஷன் கடை பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடியிருப்பு அங்கே வந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

மனிதரையும் விலங்கையும் சேர்த்து வைத்து ஆராயும் துறை ஒன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. அதற்கென ஆய்விதழ்கள் 1980-களிலிருந்து வருகின்றன. செல்லப் பிராணிகளின் பாசத்தைப் பற்றிப் பேசும் பொழுதுபோக்கு என்று நம் பல்கலைக்கழகங்களில் பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். விலங்கியல் துறை யானையை எண்ணுகிறது. சமூகவியல் துறை மனிதரைக் கேட்கிறது. இருவரும் சந்திக்கும் இடம் யாருடைய பொறுப்பிலும் இல்லை. சாவு நிகழ்வது அந்த இடத்தில்தான். இத்துறையை மென்மையான படிப்பு என்று சொல்பவர்கள் வால்பாறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இந்தப் படிப்பு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஒரு நூற்றாண்டுக்கு முன் மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் நட்ட இடம். நாற்புறமும் காடு, நடுவில் எஸ்டேட்டுகள், தொழிலாளர் குடியிருப்புகள், சிதறிக் கிடக்கும் சோலைத் துண்டுகள், நடு ஆறு என்ற ஆற்றின் கரையில் பசுமைப் பட்டை. யானைக்கு இது ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழி. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு சாவும் எங்கே, எந்த நேரத்தில், எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். கிடைத்த விடை எளியது. பெரும்பாலானவர்கள் யானை வீட்டுக்கு வந்து கொன்றதால் சாகவில்லை. யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போய் நின்றதால் செத்தார்கள். அந்தியில் பேருந்தைவிட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே வீட்டுக்கு நடந்தவர், விடிகாலையில் பாதையில் போனவர் என்று பட்டியல் நீள்கிறது. சேதமான கட்டடங்களிலும் ஓர் ஒழுங்கு இருந்தது: யானை முட்டிய சுவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் அரிசியும் பருப்பும் இருந்தன. ரேஷன் கடை, பள்ளிச் சத்துணவுக் கூடம். இருட்டில் வெளிவரும் அரிசி வாசனைக்குத் தும்பிக்கை நீட்டிச் சுவரைத் தடவி, மெலிந்த இடத்தில் நெற்றியால் முட்டி, மூட்டையை இழுத்து வெளியே போட்டுத் தின்னும் யானைக்கு அந்தக் கடைமீது பகை ஏதும் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை அந்த வழியாகப் போகும்போது அங்கே அரிசி இருக்கும் என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

விடை இப்படி இருந்ததால் வைத்தியமும் அதற்கேற்ப அமைந்தது. யானைக் கூட்டம் இன்று மாலை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் டி.வி.யில் ஓடும் எழுத்தில் காட்டினார்கள். 2011 முதல் அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் செல்போனில் தமிழில் குறுஞ்செய்தி. மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள். ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் அவை ஒளிரும். அந்த விளக்குகளைச் செல்போன் மூலம் எரியவிடுவது குடியிருப்பில் இருக்கும் ஆட்களேதான். வெளியிலிருந்து யாரும் வந்து உட்காரத் தேவையில்லை. முன்பு ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை பின்னர் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. சில ஆண்டுகளில் ஒரு சாவும் இல்லை. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. ஒரு யானையைக்கூட லாரியில் ஏற்றாமல் இதைச் சாதித்தார்கள். மதுக்கரையில் நடந்ததும் இதே தர்க்கம்தான். 2021 நவம்பரில் அங்கே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் தண்டவாளத்தை ஒட்டிக் கேமராக் கோபுரங்கள் நிறுவி, யானை நெருங்குவதை ரயில் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு வந்தது. யானையை மாற்ற முயலாமல், யானை இருப்பது மனிதருக்குத் தெரியும்படி செய்தார்கள்.

இங்கே வரும் முதல் மறுப்பு, நகரத்தில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு யானைக்காகப் பரிந்து பேசுகிறார்கள் என்பது. இந்தக் கோபத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஏனென்றால் அதன் பின்னே நிஜமான சாவுகள் இருக்கின்றன. நாட்டில் அண்மை ஆண்டுகளில் யானையால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல். முன்னெச்சரிக்கை ஏற்பாடு எல்லாச் சாவையும் தடுத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் அதே வால்பாறையில் ஒரு மூதாட்டியும் அவருடைய சிறு பேத்தியும் யானையால் உயிரிழந்தார்கள். ஆனால் சாகிறவர்கள் யார் என்று பாருங்கள். தோட்டத் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள், பழங்குடியினர், இரவில் காவலுக்குப் படுத்திருப்பவர்கள். பேருந்து குடியிருப்புவரை வராததால் இருட்டில் நடப்பவர்கள், வீட்டோடு கழிப்பறை இல்லாததால் விடியுமுன் வெளியே போகிறவர்கள். ஒரு யானையைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு வனப்பணியாளர் படை, கும்கிகள், மருத்துவர்கள், வண்டிகள் என்று எத்தனையோ திரட்ட முடிகிற அரசால், அந்தப் பாதைக்குத் தெருவிளக்கும் கடைசிப் பேருந்தும் கழிப்பறையும் தர முடியவில்லை என்றால் கோபம் திரும்ப வேண்டிய திசை வேறு. யானையைப் பிடித்ததும் மறியல் கலைகிறது. பாதை இருட்டாகவே இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஆதாயம் அடைபவர்கள் நிச்சயமாக அந்தத் தொழிலாளர்கள் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: உண்மையிலேயே ஆளைத் தேடி வந்து தாக்கும் யானை இருக்கிறதே, அதை என்ன செய்வது? இருக்கிறது, மறுக்கவில்லை. திரும்பத் திரும்ப மனிதரைத் தாக்கும் யானை என்று உறுதிப்பட்டால் அதைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வேறொரு ஊருக்குப் பக்கத்தில் விடக்கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஆபத்தான விலங்கைக் கொல்லுமுன் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் தெளிய வேண்டும் என்கிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட அது கருணையான வாசகம். ஆனால் இடமாற்றம் யானை விஷயத்தில் என்ன செய்கிறது என்ற அறிவு அதற்குப் பின்னால் வந்தது. முகாமில் வைத்துப் பராமரிப்பது யானைக்கு ஆயுள் சிறைதான், அது வருத்தமானது. அந்த வருத்தத்திலிருந்து தப்பிப்பதற்காக ஆபத்தை இன்னொரு மாவட்டத்து மக்களின் தலையில் கட்டுவது அதைவிட மோசமான செயல். கம்பத்துக்குப் பிறகு மறுபடி பிடித்து விடப்பட்ட அரிக்கொம்பன் களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாற்றில் பெரிய சேதமின்றி இருக்கிறதே என்பார்கள். அங்கும் அது 2023-இலேயே மாஞ்சோலைத் தோட்டப் பக்கம் வந்தது. பிறகு உட்காட்டுக்குத் திரும்பியது. அது அங்கே ஒருவாறு அமைந்தது என்றால், அந்தப் பரந்த காட்டுக்குள் குடியிருப்புகள் மிகக் குறைவு என்பதே காரணம். அத்தகைய காடு தமிழகத்தில் எத்தனை இருக்கிறது? எல்லா யானையையும் அந்த ஒரு மலைக்கே ஏற்ற முடியுமா?

யானைகள் பெருகிவிட்டன, அதனால்தான் வெளியே வருகின்றன என்பது டீக்கடைவரை பரவிய வாதம். தமிழகக் கணக்கெடுப்பில் 2017-இல் 2,761 என்றிருந்த எண்ணிக்கை 2025-இல் 3,170. எட்டு ஆண்டில் இந்த உயர்வை வைத்து இத்தனை பெரிய மோதலை விளக்க முடியாது. கணக்கெடுக்கும் முறையில் வரும் ஏற்ற இறக்கமும் இதற்குள் அடங்கும். அதைவிட முக்கியமானது, எண்ணிக்கை கூடாமலேயே மோதல் கூடலாம் என்பது. சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை எதிர்த்து விடுதிக்காரர்கள் பத்தாண்டு வழக்காடினார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணையை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், அந்தப் பீடபூமியிலுள்ள மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகிய அந்த யானை செத்துப்போனது. அந்தக் காட்சியின் காணொளியை நாடே பார்த்தது. அவுட்டுக்காய் என்னும் வெடியுருண்டையைக் கடித்து வாய் சிதைந்து சாகும் யானைகளும் உண்டு. நெருப்பும் வெடியும் கண்ட யானை மனிதரைக் கண்டால் ஒதுங்காமல் பாய்வதற்கு அதன் எண்ணிக்கை காரணமாக முடியாது.

சரி, பிடிக்க வேண்டாம், வேலி போடுங்கள் என்பார்கள் சிலர். வேலியிலும் இதே பாடம்தான். இலங்கையில் யானை நடமாடும் பரப்பு தீவின் சுமார் 60 விழுக்காடு. அதில் ஏறக்குறைய 70 விழுக்காட்டில் மக்களும் வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் பல்லாண்டுகளாக மின்வேலிகளை வனவிலங்குத் துறை நிலத்துக்கும் வனத் துறை நிலத்துக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியின் இருபுறமும் காடு, இருபுறமும் யானை. கோப்பிலிருக்கும் எல்லையை யானை அறியுமா? பின்னர் கல்கமுவ போன்ற இடங்களில் பெர்னாண்டோவின் குழு வேறு வழியை முயன்றது. ஊரைச் சுற்றி ஊராரே பராமரிக்கும் வேலி. வயலைச் சுற்றி விவசாயிகள் விதைக்கும்போது போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றிவிடும் வேலி. அறுவடைக்குப் பின் தாளையும் மிச்சத்தையும் யானை தின்றுவிட்டுப் போகும். பயிர் நிற்கும் காலத்தில் வேலியைப் பார்க்க ஆள் இருக்கும், ஏனெனில் அது அவர்களுடைய வேலி. மின்கம்பி இரண்டிலும் ஒன்றுதான். யார் கவனிக்கிறார்கள், எந்தப் பருவத்தில், எதைக் காக்க என்பதில்தான் வேலி நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

கூடலூர் இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஒரே தாலுகாவில் காட்டுநாயக்கர், பணியர், பெட்டக்குரும்பர், மலையாளக் குடியேறிகள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்த தமிழர்கள் எல்லோரும் ஒரே யானைகளோடு வாழ்கிறார்கள். தர்ஷ் தேக்கேகராவும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் எழுதிய ஆய்வு, யானையைப் பொறுத்துக்கொள்வதில் இந்தச் சமூகங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பதைக் காட்டியது. யானையோடு நெடுங்காலம் வாழ்ந்த காட்டுநாயக்கருக்கு அதன் போக்கு தெரியும். கடலுக்கு அப்பாலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டு வந்தவர்களுக்கு அது அறிமுகமில்லாத பயங்கரம். இருவருக்கும் ஒரே சுற்றறிக்கையை அனுப்பிப் பயனில்லை. இதைச் சொன்னால் உடனே, பிள்ளையாராக யானையைக் கும்பிடும் நாடு நாம், நம் மரபிலேயே தீர்வு இருக்கிறது என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கும்பிடும் கையேதான் அவுட்டுக்காயும் வைக்கிறது. பக்தி, யானை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் சொல்லித் தராது; காட்டுநாயக்கரின் பொறுமைக்குப் பின்னால் இருப்பது தலைமுறை தலைமுறையாகக் கவனித்துச் சேர்த்த அறிவு.

ஆகவே அடுத்த மறியலில் கோரிக்கை மாறவேண்டும். அந்த யானையைப் பிடி என்ற ஒரு வரிக்குப் பதிலாக, இந்த ஊருக்கு முன்னெச்சரிக்கை விளக்கு, குடியிருப்புவரை கடைசிப் பேருந்து, வீட்டோடு கழிப்பறை, ரேஷன் அரிசியை இரவில் கடையில் தேக்கிவைக்காமல் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தல், சேதத்துக்கு அலைக்கழிக்காத உடனடி இழப்பீடு என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் யானையைப் பின்தொடரும் பணியாளரோடு, மக்களிடம் பேசி ஒவ்வொரு சாவையும் விசாரித்துப் பதியும் ஆய்வாளரும் இருக்க வேண்டும் என்றும், அந்தப் பதிவை ஊராரிடமே திருப்பிக் காட்ட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கையும் சாவுகளை விசாரித்தறிவதும் வால்பாறையில் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. மற்ற பல ஊர்களுக்கு இன்னும் வரவில்லை.